ஸ்பெயின் மாஸ்டரின் தோடம்பழப் பாட்டு

சிட்னியில் தமிழ் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிப்பவர் யார் என்று நெடுங்காலமாக யாரைக் கேட்டாலும் என் பெயரைத்தான் சொன்னார்கள். வேறு பெயரைச் சொன்னவர் அந்தக் கிழமைதான் விமானத்தால் இறங்கியவராக இருப்பார். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பகலில் பிஸ்கட் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டினேன். வார இறுதியில் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தேன். நீங்கள் இப்போது உட்கார்ந்து வாசிக்கிற இந்த வாத்தியக் குழுவை அப்படித்தான் கட்டி எழுப்பினேன். ஒருவரும் கை கொடுக்கவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் ஒருவர் கொடுத்தார்.

"அங்கிள், புதுசா வந்த பிள்ளையளுக்கு உங்கட அனுபவத்தை ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ" என்று உங்கள் தலைவி மதுரா கேட்டாள். என் விரலில் நடுக்கம் வந்து நான் ஓய்வெடுத்த பிறகு குழுவை அவள்தான் நடத்துகிறாள்.

"ரெண்டு பக்கம் எனக்குக் காணாது."

"தெரியும் அங்கிள். அதாலதான் ரெண்டு எண்டு சொன்னனான். அப்பதான் ஆறிலை நிப்பாட்டுவீங்கள்."

எப்படி வாசிப்பது என்று இதில் எழுதப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். நீங்கள் எல்லோரும் வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி வந்தவர்கள். மேடையில் எல்லாம் குழம்பிப் போகிற நேரத்தில் என்ன முடிவு எடுப்பது என்பதைத்தான் எழுதப் போகிறேன். அதை எனக்குக் காட்டித் தந்தவர் ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த ஒரு இசையமைப்பாளர். நம் ஆட்கள் எல்லோரும் அவரை ஸ்பெயின் மாஸ்டர் என்றே கூப்பிட்டோம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

என் பெட்டி ஒரு தடவை சுருதி விட்டுப் போனது. இந்த ஊரில் ஆர்மோனியம் திருத்த ஆள் கிடையாது. லிட்கமில் ஒரு மாடிக் குடியிருப்பில் பியானோ திருத்துகிற கிழவர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறினேன். கதவைத் திறந்தவர்தான் மாஸ்டர், இடுப்பில் சமையல் துணி கட்டியிருந்தார். பெட்டியைக் கண்டதும் குசினி மேசையில் இருந்த தட்டு, கோப்பை எல்லாவற்றையும் ஒதுக்கி இடம் பண்ணினார். அடுப்பில் சோறு அடிப்பிடித்தது அவருக்குத் தெரியவில்லை.

அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே வகுப்பில் ஒன்றாகப் பெயில் விட்டவை. அதனால் எங்களுக்குள் ஒரு நாளும் விளங்காமல் போனதில்லை. அவர் சொன்னதை என் பேச்சிலேயே எழுதுகிறேன்.

திருத்தி முடித்து "வாசி" என்றார். நான் சும்மா விடுவேனா? மேலே போய், கீழே வந்து, விரல் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தினேன். அவர் தலையாட்டினார்.

"நல்ல கை. உனக்குப் பக்கத்திலை ஆர் நிண்டு பாடுறது?"

"ஒருத்தரும் இல்லை. இது தனி வாசிப்பு."

"அது கேக்கேக்கையே விளங்குது" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன், ஒரு பெரிய வித்துவான் என்னைப் பாராட்டினார் என்று. அவ கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டே, "அந்தாள் உங்களுக்கு ஏசியிருக்கு. அதுகூடத் தெரியேல்லை" என்றா. இன்றைக்கும் எங்களுக்குள் அந்த வழக்குத் தீரவில்லை.

அதன் பிறகு அடிக்கடி போனேன். அவருடைய கதை துண்டு துண்டாகத்தான் வந்தது. வலென்சியாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். அங்கே ஊருக்கு ஊர் ஒரு ஊதுகுழல் பாண்ட் இருக்குமாம். சலூன்காரரும் பேக்கரிக்காரரும் வேலை முடிந்ததும் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்களாம். அப்படி ஒரு பாண்டில் வளர்ந்தவர், இளவயதில் மட்ரிட் நகரத்துக்குப் போய் நாடகக் கொட்டகையில் ஒத்திகைக்குப் பியானோ வாசித்தார். பிறகு தானே சர்சுவேலாக்களுக்கு இசையமைத்தார். சர்சுவேலா என்பது நம் இசை நாடகத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம். பாதி பேச்சு, பாதி பாட்டு, நடுவில் பகிடி. அவருடைய இரண்டு நாடகங்கள் நன்றாக ஓடின. உடுப்புக் காயப்போடுகிற பெண்கள் தன் பாட்டை முணுமுணுத்ததைத் தெருவில் நின்று கேட்டதாகச் சொல்லுவார். பிறகு சனம் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது. கொட்டகைகள் ஒவ்வொன்றாக மூடின. மனைவியின் அண்ணன் இங்கே இருந்ததால் இவரும் வந்து சேர்ந்தார். பியானோ திருத்தினார், பாலே வகுப்புகளில் பிள்ளைகள் ஆட வாசித்தார், பள்ளிக்கூட நாடகங்களுக்குப் பாட்டுப் போட்டார். அதில் ஒன்றையும் அவர் குறைவாகச் சொல்லிக் கேட்டதில்லை. "பாலே பிள்ளையள் நல்ல பிள்ளையள். பிழையாய் வாசிச்சாலும் சரியாய் ஆடுங்கள்" என்பார்.

ஒரு தடவை பிளாக்டவுனில் நாங்கள் போட்ட சரித்திர நாடகத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ராசா வேடம் போட்டவர் பகலில் கணக்காளர். தர்பார் காட்சியில் நின்ற இடத்திலேயே வசனத்தை மறந்து போனார். சபை முழுக்கப் பார்க்கிறது. நான் விடவில்லை. பெட்டியைப் பிடித்து ஒரு ராகத்தைத் தூக்கி, மிருதங்கக்காரனுக்குக் கண் காட்டி, மண்டபத்தையே அதிர வைத்தேன். சனம் கைதட்டியது. திரை விழுந்த பிறகு ராசா என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

திரும்பி வரும்போது காரில் மாஸ்டர் பாராட்டுவார் என்று பார்த்திருந்தேன். நானே கேட்டேன்.

"எப்பிடி மாஸ்டர், காப்பாத்தினன் பாத்தீங்களா?"

"பாத்தனான். ராசாவுக்கு வசனம் உடனை ஞாபகம் வந்திட்டுது. வாயைத் திறந்தவர். திரும்பவும் ஒருக்காத் திறந்தவர். நீ உள்ள விடேல்லை."

"சனம் கைதட்டினது."

"ஓம். ராசாவுக்கு இல்லை."

எனக்குக் கோபம் வந்தது. வீடு வரும் வரைக்கும் நான் வாய் திறக்கவில்லை, அது எனக்கு ஒரு சாதனை. ஆனால் அடுத்த நாடகத்திலிருந்து, ஒருவர் மேடையில் தடுமாறினால் ஒரு சுருதியை மட்டும் மெல்லப் பிடித்துக்கொண்டு அவருடைய வாயைப் பார்க்கத் தொடங்கினேன். நீங்களும் அதைச் செய்யுங்கள். விழுந்தவரை மூடிப் பாய் விரித்துவிடாதீர்கள், அவர் எழும்ப இடம் வேண்டும்.

இனி, தலைப்பில் உள்ள தோடம்பழ நாடகம்.

நான் எங்கள் நாடக இயக்குநரோடு சண்டை பிடித்து, "என்ர பாட்டை வெட்டினால் குழுவைக் கூட்டிக்கொண்டு வெளியால போறன்" என்று சொல்லிவிட்டு வந்த நாளில் மாஸ்டர் இதைச் சொன்னார். மட்ரிட்டில் அவர் எழுதிய மூன்றாவது நாடகம், நீங்கள் ஆரஞ்சு என்கிற தோடம்பழத்தைப் பொதி செய்கிற கொட்டிலில் வேலை செய்யும் பெண்களைப் பற்றியது. ஒவ்வொரு பழத்தையும் மெல்லிய தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவார்கள். அதில் வயதான ஒரு தொழிலாளி தனியாக நின்று பாடுகிற ஒரு பாட்டு. அதற்கு அவர் எழுதிய வாத்திய இசைதான் தன் வாழ்க்கையில் செய்த நல்ல வேலை என்று அவருக்கு நினைப்பு. கொட்டகை முதலாளி அந்தப் பாட்டை எடுத்துவிட்டு ஒரு நவநாகரிக நடனத்தைப் போடச் சொன்னார். இவர் இசைத்தாள்களைச் சுருட்டிக்கொண்டு வெளியேறிவிட்டார். நாடகம் மேடையேறவே இல்லை.

"பாட்டு விசயத்திலை நான் சரி. ஆனால் நடிகர், வாத்தியக்காரர், உடுப்புத் தைச்ச மனிசி, எல்லாரும் அந்தக் குளிருக்குள்ள வேலை இல்லாமல் தெருவுக்கு வந்திட்டினம். அந்த மனிசி என்னை ரோட்டிலை கண்டும் வணக்கம் சொன்னவ. அதுதான் எனக்கு ஏலாமல் போனது."

"அப்ப அந்தப் பாட்டு?"

"அலுமாரிக்குள்ள இருக்கு. வாத்தியங்களோடை நான் ஒருநாளும் கேக்கேல்லை. ஒத்திகைக்கும் வரேல்லை. தலைக்குள்ளதான் கேட்டிருக்கிறன். சாகமுன்னம் காதாலை ஒருக்காக் கேக்கவேணும்."

நான் உடனே, "நான் போடுறன் மாஸ்டர்" என்றேன். எங்கே, எப்படி, யாரை வைத்து என்று ஒன்றும் யோசிக்கவில்லை. நான் யோசித்துத் தொடங்கிய காரியம் எதுவும் நடந்ததில்லை.

ஆள் சேர்த்தேன். ஸ்பானிய மொழி பேசுகிறவர்களின் சங்கத்தில் இருந்த வயதானவர்கள் அந்த நாடகம் முழுவதிலும் நடிக்கவும் கூட்டமாகப் பாடவும் வந்தார்கள். நம் குழுவின் வயலின்களை மதுரா கொண்டு வந்தாள். அவள் நார்த்மீட்டில் சின்ன வயதிலிருந்து கர்நாடகம், மேற்கத்தியம் என்று இரண்டு விதமான வயலினும் பழகியவள், தாள் பார்த்து வாசிப்பாள். கிளாரினெட், ட்ரம்பெட் எல்லாம் ஒரு பிலிப்பைன்ஸ் தேவாலயத்து ஆட்கள். அந்தத் தனிப்பாட்டுக்கு மார்த்தா. சிலி நாட்டில் பிறந்தவ, பிளாக்டவுனில் முதியோர் இல்லத்தில் வேலை. படுத்திருக்கிறவர்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டே பாடிப் பாடி வளர்ந்த குரல். வாத்தியக் குழுவுக்குப் பாட்டு வருவதற்கு முன் பல மாதம் என் கராஜில் நான் பெட்டி வாசிக்க அவ பாடிப் பழகினா. தாள் பார்க்கத் தெரியாத எனக்கு அந்தப் பாட்டு முழுக்கக் காதால் மனப்பாடம்.

ஒன்று கவனியுங்கள். வாத்தியங்கள் முழுவதும் சேர்ந்து அந்தப் பாட்டை ஒத்திகையில் வாசிக்க மாஸ்டர் விடவில்லை. வயலின்களைத் தனியாக, குழல்களைத் தனியாகப் பழக்கினார். "சபைக்கு முன்னாலைதான் நானும் கேப்பன். அவ்வளவு காலம் பொறுத்தனான்" என்றார். மதுரா தலையில் கை வைத்தாள். "அங்கிள், இது விசர் வேலை." நான் அவருக்காக வாதாடினேன்.

நாடகம் லிட்கமில் ஒரு மண்டபத்தில், ஞாயிறு பின்னேரம். பாதிச் சபை ஸ்பானிய ஆட்கள், மீதி நான் நெருக்கி நெருக்கி ரிக்கெற் கொடுத்த நம் ஆட்கள். அவர்களில் பலர் இடைவேளையில் சாப்பிட ரோல்ஸ் இருக்கிறதா என்று கேட்டுத்தான் வந்தார்கள்.

மார்த்தா கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு பின்கதவால் வந்தா. முதியோர் இல்லத்தில் எல்லோருக்கும் சளி, தடிமன், அவவுக்கும் தொற்றிவிட்டது. வாயைத் திறந்தால் கீழ்ச்சுருதி கரகரத்து வருகிறது, மேலே போனால் வெறும் காற்று. அந்தப் பாட்டு உச்சத்துக்குப் போகிற பாட்டு.

எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள். சங்கத்துத் தலைவர் ஒரு வழி கொண்டு வந்தார். அவருடைய பேத்தி இசைக் கல்லூரியில் படிக்கிறாள், அரங்கத்தில்தான் இருக்கிறாள், தாளைக் கொடுத்தால் பார்த்துப் பாடுவாள். அவள் திரைக்குப் பின்னால் நின்று பாட, மார்த்தா முன்னால் வாயசைக்கலாம். மார்த்தாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செய்யுங்கோ. வாத்தியம் முழுக்க வாசிக்க வேணும். நீங்கள் கேக்கவேணும்" என்றா.

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இத்தனை மாதம் நாங்கள் ஓடியது அந்த மனிதர் அந்த இசையைக் கேட்பதற்குத்தான். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் மார்த்தாவைப் பார்த்தார், வேலை செய்து தடித்த அவவின் கையைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"உன்ர பெட்டி எவ்வளவு இறங்கும்?"

"நீங்கள் சொல்லுற அளவுக்கு."

"மார்த்தாக்கு எது வசதியோ, அந்தச் சுருதியிலை நீ தனிய வாசி. வாத்தியங்கள் சும்மா இருக்கட்டும்."

மதுரா ஓடி வந்தாள். "மாஸ்டர், எங்களாலை இந்த நேரத்திலை சுருதி மாத்தி வாசிக்கேலாது. தாள் முழுக்க எழுதவேணும். நாங்கள் வாசிக்காட்டில் நீங்கள் அந்த மியூசிக்கைக் கேக்கவே மாட்டீங்கள்."

"அந்தப் பாட்டு வேலை செய்யிற மனிசியின்ரை" என்றார் அவர். "அவ வந்து நிக்கிறா. அவவிட்டை இருந்து அதை வாங்கி வேறை ஒருத்தருக்குக் குடுக்கேலாது. பாட்டுக்காக ஆக்களை விட்டது ஒருக்காக் காணும்."

கடைசி வசனம் மதுராவுக்கு விளங்கவில்லை. எனக்கு, ரோட்டில் அவருக்கு வணக்கம் சொன்ன அந்த மனிசியை வைத்து விளங்கியது.

நாடகம் நன்றாகவே போனது. பகிடிக் காட்சிகளுக்கு, ஒரு சொல்லும் விளங்காமலே, நம் ஆட்கள்தான் கூடச் சிரித்தார்கள். பிறகு அந்த இடம் வந்தது. பழக்கடையில் இரவல் வாங்கிய தோடம்பழப் பெட்டிகளுக்கு நடுவில் மார்த்தா தனியாக நின்றா. வாத்தியக்காரர் வில்லையும் குழலையும் மடியில் வைத்தார்கள். நான் சுருதியை நன்றாக இறக்கிப் பெட்டியைத் திறந்தேன்.

அவ பாடினா என்று சொல்லுவதா, பேசினா என்று சொல்லுவதா? இரண்டுக்கும் நடுவில் ஒன்று. இரண்டாவது அடியில் குரல் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. என் விரல் வழக்கப்படி ஓடப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன். ஒரே சுருதியை மட்டும் வைத்துக்கொண்டு அவவின் வாயைப் பார்த்தேன். அவ ஒரு பழத்தை எடுத்துத் தாளில் சுற்றினா, அடுக்கினா, மூச்செடுத்தா, திரும்பப் பிடித்தா. முடியும்போது மண்டபத்தில் இருமல்கூட இல்லை.

பிறகு எழும்பினார்கள். சர்சுவேலாவில் ஒரு பாட்டுப் பிடித்துவிட்டால் நாடகத்தை நிறுத்தி அதைத் திரும்பப் பாட வைப்பார்களாம். நம் இசை நாடகத்தில் வன்ஸ்மோர் கேட்கிற அதே பழக்கம். அந்தப் பக்கம் அவர்கள் தங்கள் மொழியில் கத்த, இந்தப் பக்கம் நம் ஆட்கள் "வன்ஸ்மோர்" என்று கத்தினார்கள். "அண்ணை, விடாதேங்கோ, இன்னொருக்கா" என்று என் பெயரைச் சொல்லியும் ஒரு கூட்டம் கத்தியது.

மார்த்தா என்னைப் பார்த்துத் தொண்டையில் கை வைத்தா. முடியாது. வாத்தியக்காரருக்கு முன்னால் நின்று இசையை நடத்திய மாஸ்டர், சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே அடுத்த காட்சிக்குத் தாளைப் புரட்டினார். கத்தல் நிற்கவில்லை.

பிள்ளைகளே, என் வாழ்க்கையில் நான் வன்ஸ்மோரை மறுத்ததில்லை. பாடுகிறவர் களைத்தால் நான் தனியாக வாசித்தாவது சபையை மகிழ்விப்பேன். அந்த நேரமும் மண்டபம் முழுக்க என்னைத்தான் பார்த்தது. கை பெட்டியின் மேலேயே இருந்தது. இப்படி ஒரு சந்தர்ப்பம் எனக்குத் திரும்ப வராது என்று தெரியும். அதைவிட அவருக்கு வராது என்பதும் தெரிந்தது.

பெட்டியின் துருத்தியை உள்ளே தள்ளினேன். கொளுக்கியை மாட்டினேன். அந்தச் சத்தம் மாஸ்டருக்குக் கேட்டது, திரும்பினார். நான் மதுராவைப் பார்த்து, அவளுடைய தாங்கியில் இருந்த தாளில் விரலால் தட்டினேன். "எழுதியிருக்கிறபடி வாசி. பாட்டு வேண்டாம்."

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு வயலினைத் தோளில் வைத்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். குழல்காரர்கள் உதட்டை நனைத்தார்கள். மாஸ்டர் என்னைப் பார்த்தார், மூடின பெட்டியைப் பார்த்தார், இரண்டு கையையும் தூக்கினார்.

மார்த்தா வாயசைக்கவில்லை. ஒரு தோடம்பழப் பெட்டியில் உட்கார்ந்து, சபையைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக்கொண்டு கேட்டா. அவ பாடிய சொல்லெல்லாம் இன்னும் எங்கள் காதில் இருந்தது. அதன் கீழே அந்த இசை எழும்பி வந்தது. நான் வாசிக்காமல் என் முன்னால் நடந்த நல்ல காரியம் என்று சொல்ல எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது. ஒன்று போதும்.

திரை விழுந்ததும் ஆட்கள் படம் எடுக்கவும் கட்டிப்பிடிக்கவும் மேடைக்கு ஏறினார்கள். சங்கத்துத் தலைவர் அழுதார். மதுரா அழுதாள். மாஸ்டரைக் காணவில்லை. தேடினால், அவர் வாத்தியக்காரரின் கதிரைகளுக்கு நடுவில் தாள்களை மடியில் பரப்பிக்கொண்டு இருக்கிறார். ஏதோ சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் போனேன். அவர் தலை நிமிரவில்லை.

"கிளாரினெட் கூடிப்போச்சு" என்றார். "நடுவிலை மார்த்தாவின்ரை குரலை மூடியிருக்கும். இவ்வளவு காலமும் பிழையைத் தலைக்குள்ள வைச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். பென்சில் இருக்கோ?"

அந்தக் குரலில் இருந்த சந்தோசத்தை நான் அதற்கு முன் அவரிடம் கேட்டதில்லை. ஒரு வேலைக்காரனுக்கு வேலை கிடைத்த சந்தோசம் அது.

இந்த ஊரில் என்னைப் பார்த்துப் பென்சில் கொண்டு வா என்று சொல்ல ஒருவருக்கும் தைரியம் வராது. அன்றைக்கு, மாலை போட்டுப் படம் எடுக்க என்னைக் கூப்பிட்டவர்கள் எல்லோரையும் விலக்கிக்கொண்டு, ரிக்கெற் மேசைக்குப் பென்சில் தேடி ஓடினேன்.